செயின்ட் தாமஸில் ஒரு பகல்: ட்ரங்க் பேயா, கோக்கியா, மேகன்ஸ் பேயா?

கரீபியன் கப்பல் பயணத்தில் செயின்ட் தாமஸ் தீவு வருவதற்கு முந்தின இரவு, எந்தக் கடற்கரைக்குப் போவது என்று எங்கள் அறையில் சின்னப் பஞ்சாயத்து. எனக்கு ட்ரங்க் பே என்ற கடற்கரைக்குப் போக வேண்டும். பத்து வயதுப் பையனுக்கு ஆமை பார்க்க வேண்டும். அம்மாவோ, "எங்கயாவது நிழலா உக்கார இடம் இருந்தா போதும்டா" என்று முடித்துவிட்டார். மொத்தம் ஆறு பேர். அதில் ஒன்று நாலு வயது, ஒன்று முழங்கால் வலியுள்ள அப்பா.

முதலில் நேரக் கணக்கு. அட்டவணையில் காலை 8 முதல் மாலை 5 வரை என்றிருந்தது. அதை ஒன்பது மணி நேரம் என்று நம்பிவிடக் கூடாது. இறங்கும் வரிசை நகர்ந்து டாக்சியில் உட்காரும்போது 9 ஆகிவிடும். 4.30க்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் 3.30க்கே துறைமுகம் திரும்புவது நல்லது. ஆக, கையில் இருப்பது ஆறரை மணி நேரம்தான்.

அப்புறம் டாக்சி. மீட்டர் கிடையாது, தலைக்கு இவ்வளவு என்று இடத்துக்கு ஏற்ப நிர்ணயித்த கட்டணம். பின்பக்கம் பெஞ்சு போட்டு, பக்கவாட்டில் திறந்திருக்கும் லாரி மாதிரியான வண்டிக்கு அங்கே 'சஃபாரி' என்று பெயர். ஆள் நிரம்பினால்தான் நகரும், நம் ஷேர் ஆட்டோ கதைதான். ஆறு பேருக்குப் போக வர பன்னிரண்டு கட்டணம் என்பதை முதலிலேயே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். ஓட்டுநரிடம் விலை கேட்பதற்கு முன் ஒரு 'குட் மார்னிங்' சொல்ல வேண்டும். அந்த ஊர் மரியாதை அது, சொல்லாமல் பேச்சை ஆரம்பித்தால் முகம் சுருங்கும்.

ட்ரங்க் பே செயின்ட் தாமஸில் இல்லை, பக்கத்துத் தீவான செயின்ட் ஜானில் இருக்கிறது. அந்தத் தீவின் பெரும்பகுதி 1956-ல் உருவான தேசியப் பூங்கா, அதனால் கரையில் ஓட்டல் கட்டடங்கள் கிடையாது. தண்ணீருக்கு அடியில் சுமார் 200 மீட்டருக்கு ஒரு பாதை வகுத்து, பவளத்தைப் பற்றிய பலகைகளைக் கடலடியிலேயே பதித்திருக்கிறார்கள். ஸ்நார்கெல் என்ற மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு மிதந்தபடியே படிக்கலாம். தலைப்பில் சொன்ன மூன்று கடற்கரைகளில் அழகு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் வழியைப் பாருங்கள். கப்பல் நிற்கும் ஹேவன்சைட் துறையிலிருந்து ரெட் ஹுக் படகுத்துறை வரை அரை மணி நேர டாக்சி, அங்கிருந்து செயின்ட் ஜானின் குரூஸ் பேக்கு 20 நிமிடப் படகு, மறுபடி ஒரு டாக்சி. காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். கரையில் மிஞ்சுவது மூன்றரை மணி நேரம், அதுவும் எந்தப் படகும் தவறாமல் இருந்தால். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்கும். சொந்தமாகப் போய்த் தாமதமானால் கரையில் நின்று டாட்டா காட்ட வேண்டியதுதான்.

கோக்கி கடற்கரை 20, 25 நிமிடத் தூரம். ஒட்டினாற்போல் கோரல் வேர்ல்ட் என்ற கடல்வாழ் உயிரினப் பூங்கா. அங்கே கடலுக்குள்ளேயே ஒரு கோபுரம் இருக்கிறது. படியிறங்கிப் போனால் கண்ணாடிக்கு உள்ளே நாம், வெளியே நிஜக் கடலில் மீன்கள். தொட்டிக்குள் அடைபட்டது மீனா நாமா என்று சந்தேகம் வரும். நீச்சல் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் நுழைவுச் சீட்டும் தலைக்குத்தான், படிகளும் அதிகம். கடற்கரை சின்னது, இரண்டு மூன்று கப்பல் வந்த நாளில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டும்.

மேகன்ஸ் பே மலையைத் தாண்டி 20 நிமிடம். ஆர்தர் ஃபேர்சைல்ட் என்பவர் 1946-ல் தீவு மக்களுக்கே கொடுத்துவிட்ட நிலம். ஏறக்குறைய ஒரு மைல் நீள மணல், பின்னால் தென்னையும் நிழலும், உடை மாற்ற அறை, கழிப்பறை, உயிர்காப்பாளர்கள். வளைகுடா ஆழமாக உள்வாங்கியிருப்பதால் அலையே இல்லை, குளம் மாதிரி. குறை என்னவென்றால் தண்ணீருக்கு அடியிலும் வெறும் மணல்தான். மீன் பார்க்கிற ஆசையோடு போனால் ஏமாற்றம்.

நாங்கள் மேகன்ஸ் பேக்குத்தான் போனோம். ஐந்து மணி நேரம் கிடைத்தது, அப்பா படியேற வேண்டியதில்லை. பிள்ளைகள் பெரியவர்களாகி நீந்தக் கற்றிருந்தால் ட்ரங்க் பேக்கே போயிருப்பேன். பையன் மட்டும் ஆமைக்காக அரை நாள் பேசவில்லை.

இரண்டு விஷயம். ஆக்ஸிபென்சோன் போன்ற பவளத்தைக் கெடுக்கும் ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனுக்கு இந்தத் தீவுகளில் 2020 முதல் தடை, துத்தநாக ஆக்ஸைடு வகையாகப் பார்த்து வாங்குங்கள். கப்பல் காலை உணவிலிருந்து வாழைப்பழத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கவும் கூடாது. அம்மா போட்டிருந்தார், இறங்கும் முன் எடுத்து வைத்தோம்.

இன்னொன்று, கடிகாரம். நாங்கள் போனது டிசம்பரில். கப்பல் ஃபுளோரிடா நேரத்திலேயே ஓடியது, தீவு நேரமோ ஒரு மணி முன்னால். இறங்கியதும் போன்கள் தாமாகவே மாறிவிட்டன. மணலில் படுத்திருந்த என் மனைவி போனைப் பார்த்துவிட்டு, "ஐயோ, மூணரை!" என்று எழுந்து பைகளைக் கட்ட ஆரம்பித்தாள். அப்பா தென்னை நிழலில் இருந்தபடியே தன் பழைய எச்.எம்.டி.யைத் தட்டிக் காட்டினார். அதில் இரண்டரை.