டிவியிலேயே இருப்பதா, தனி ஸ்டிக்கா?

எங்கள் வீட்டு டிவியின் திரைக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருக்கும் ஸ்மார்ட் வசதிதான் திணறுகிறது. ஆப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அப்டேட்டும் நின்றுபோனது. நல்ல திரையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. டிவியில் செருகினால் ஆப்களைத் தானே ஓட்டும் சின்னக் கருவியான ஃபயர் டிவி ஸ்டிக் 4கே வாங்கி எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகினேன். மெனு சட்டென்று திறக்கிறது. டிவி செட்டிங்கில் சிஇசி என்ற வசதியை ஆன் செய்ததும் பழைய ரிமோட்டே ஸ்டிக்கையும் இயக்குகிறது, அம்மாவுக்கு அதுதான் பெரிய நிம்மதி.

ஒரு விஷயம்: ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பி-யிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் வழக்கமாகத் தருவது 0.5 ஆம்பியர்தான்; படத்துக்கு நடுவே ஸ்டிக் ரீஸ்டார்ட் ஆகலாம். கூட வரும் அடாப்டரையே பிளக்கில் மாட்டுங்கள்.

புது டிவி வாங்கியிருந்தால் இப்போதைக்கு ஸ்டிக் வேண்டாம். உள்ளே இருப்பதே நன்றாக ஓடும்.