முழு லாங் ரன்னா, பிரித்த ஓட்டமா, தண்ணீர் ஓட்டமா? காயத்தோடு மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு

பயிற்சியின் பத்தாவது வாரம். அட்டவணையில் இந்த ஞாயிறுக்கு 28 கிலோமீட்டர். போன ஞாயிறு 24 என்று கிளம்பி, 14-வது கிலோமீட்டரில் முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்று பிடித்து, 18-ல் ஓட்டம் நின்று, மிச்சத்தை நடந்தே வீடு வந்து சேர்ந்தாயிற்று. பந்தயத்துக்கு இன்னும் ஆறு வாரம்.

கூட ஓடுகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மெதுவாக ஓடி முடித்துவிடு என்பார் ஒருவர். சனி, ஞாயிறு என்று இரண்டாகப் பிரி என்பார் இன்னொருவர். நடை கலந்து ஓடு, நீச்சல் குளத்துக்குப் போ, முழுசாக ஓய்வெடு. ஐடி பேண்ட் (இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்கு இறங்கும் திசுப்பட்டை) வலியோடு ஒரு பயிற்சிக் காலத்தையும், அகிலிஸ் (கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண்) வலியோடு இன்னொன்றையும் கடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவை எல்லாமே ஏதோ ஒரு வலிக்குச் சரியான பதில்கள்தான். உங்கள் வலி எது என்று தெரியாமல் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வதில்தான் பருவம் முழுக்கப் பாழாகிறது.

அதற்கு முன்னால் லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டம், உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒன்று, தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து குறையும்போது கொழுப்பை எரிக்கப் பழக்குகிறது. இரண்டு, தொடையும் கெண்டைக்காலும் ஆயிரக்கணக்கான அடிகளின் அதிர்வைத் தாங்கப் பழகுகின்றன. மூன்று, ஓடிக்கொண்டே ஜெல்லும் (மாவுச்சத்துக் கூழ்) தண்ணீரும் எடுத்துக்கொள்ள வயிறு பழகுகிறது. நான்கு, மூன்று மணி நேரம் தாண்டியும் காலை எடுத்து வைக்க முடியும் என்ற தெம்பு வருகிறது. இந்த நான்கில் இரண்டாவதற்கு மட்டும்தான் தரையில் ஓடியே ஆக வேண்டும். மற்றவற்றின் பெரும்பகுதியை வேறு வழிகளில் தேடிக்கொள்ளலாம். காயம்பட்டவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரே மூச்சில் 32 கிலோமீட்டர்

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியர்ட், 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட வாரக்கடைசியில் 22 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர் ஓட வைத்தார். நீண்ட ஓட்டத்துக்கு இருக்கும் மரியாதையில் பாதி அங்கிருந்து வருவது. அது வீண் மரியாதையும் அல்ல. காயம் இல்லாதவருக்கு, வாரம் 70, 80 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு, இதற்கு நிகரான பயிற்சி கிடையாது.

ஆனால் நம் கணக்கு வேறு. கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடத்தில் ஓடுகிறவர் 32 கிலோமீட்டரை 1 மணி 52 நிமிடத்தில் முடித்துவிடுவார். ஏழு நிமிடத்தில் ஓடுகிறவருக்கு அதே தூரம் 3 மணி 44 நிமிடம். நிமிடத்துக்கு 165 காலடி என்று வைத்தால், ஒவ்வொரு காலும் 18,000 தடவைக்கு மேல் தரையில் இறங்குகிறது. அட்டவணையில் இருவருக்கும் ஒரே எண், கால்களுக்கு வந்து சேரும் சுமை வேறு. பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் லாங் ரன்னுக்கு இரண்டரை மணி நேரம் என்று வரம்பு வைத்ததற்கும், வாரத் தூரத்தில் கால்பங்கு முதல் 30 சதவீதம் வரை போதும் என்றதற்கும் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. வாரம் 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டு அதில் 32-ஐ ஒரே நாளில் வைத்தால், அது 80 சதவீதம். வலி ஏற்கெனவே இருக்கிற காலுக்கு இதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

26 கிலோமீட்டரோடு நிறுத்தும் முறை

அமெரிக்கப் பயிற்சியாளர்களான ஹான்சன் சகோதரர்களின் திட்டம் லாங் ரன்னைப் பெரும்பாலும் 16 மைலில், கிட்டத்தட்ட 26 கிலோமீட்டரில் நிறுத்திவிடும். காயம்பட்டவர்கள் இதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டு, 26-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அந்தத் திட்டத்தில் வாரம் ஆறு நாள் ஓட்டம் உண்டு. முந்தைய நாட்களின் களைப்பு காலில் தங்கியிருக்கும்போதே 26 ஓடுவதால், அது மாரத்தானின் கடைசி 26 போலக் கனக்கும். யோசனையே அதுதான். ஆறு நாள் ஓட முடியாத காலை வைத்துக்கொண்டு 26 மட்டும் ஓடினால், அது வெறும் குறைந்த தூரப் பயிற்சி.

இதற்கு நேர் எதிர்த் திசையில், அமெரிக்காவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் உருவான திட்டம் வாரம் மூன்றே நாள் ஓடச் சொல்கிறது. கூட இரண்டு நாள் சைக்கிள் அல்லது நீச்சல் போன்ற மாற்றுப் பயிற்சி. நாள் குறைவு என்பதால் காயத்துக்கு நல்லது என்று தோன்றும். முழங்கால் வலிக்காரர்கள் சிலருக்கு அது உண்மைதான். ஆனால் அந்த மூன்று ஓட்டங்களும் வேகமானவை, லாங் ரன் உட்பட. வேகம் கூடக் கூட கெண்டைக்காலும் அகிலிஸும்தான் அதிகம் உழைக்கின்றன. அகிலிஸ் வலியோடு நான் இதைத் தொட மாட்டேன்.

இரண்டாகப் பிரித்தல்

சனி 14, ஞாயிறு 18. அல்லது ஒரே நாளில் காலை 18, மாலை 12. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் வலி எந்தத் திசுவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டும் வெவ்வேறு மருந்து.

எலும்பை எடுத்துக்கொள்வோம். தொடர்ந்து அதிர்வு விழுந்துகொண்டே இருந்தால் எலும்பு செல்கள் சீக்கிரமே மந்தமாகி, மேற்கொண்டு விழும் அடிகளுக்குப் பதில் தருவதைக் குறைத்துக்கொள்கின்றன. சில மணி நேரம் இடைவெளி விட்டால் மறுபடி விழித்துக்கொள்கின்றன. விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில் இது நன்றாகவே தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே கால் எலும்பின் ஓரமாக நீளவாட்டில் பரவலாக வலிக்கும் ஷின் ஸ்ப்ளின்ட் தொந்தரவு இருந்து, இப்போது தணிந்துகொண்டிருப்பவர்களுக்குக் காலை-மாலைப் பிரிவு பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தசைநாண் கதை வேறு. கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு முதல் ஒன்றரை நாளுக்கு அதில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் சிதைவதே மேலோங்கியிருக்கும், அப்புறம்தான் கட்டமைப்பு முந்தும். அந்த ஒன்றரை நாளுக்குள் அடுத்த நீண்ட ஓட்டத்தை வைத்தால், பழுதுபார்ப்பு முடியாத பாலத்தில் லாரியை விடுவது போல. அகிலிஸ் வலியோடு சனி, ஞாயிறு அடுத்தடுத்து ஓடிய மூன்று வாரங்கள்தான் என் பயிற்சிக் காலத்திலேயே மோசமானவை. தூரம் என்னவோ குறைவுதான். ஆனால் திங்கள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் குதிகாலுக்கு மேலே இரண்டு விரற்கடை இடம் கயிறு போல விறைத்திருக்கும். குளியலறை வரை காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் போக முடிந்தது. படியில் இறங்கக் கைப்பிடி வேண்டியிருந்தது. அகிலிஸ் என்றால் ஒரு ஓட்டம், அப்புறம் குறைந்தது ஒரு முழு நாள் இடைவெளி, அந்த இடைவெளியில் படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சி. பிரித்தல் வேண்டவே வேண்டாம்.

ஓட்டமும் நடையும்

1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. முக்கியமான விஷயம், நடை களைத்த பிறகு வருவதல்ல, முதல் கிலோமீட்டரிலிருந்தே வர வேண்டும். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்கலாம். வலி இருந்தால் இரண்டுக்கு ஒன்று.

ஐடி பேண்ட் வலிக்கு நான் இதைத்தான் முதலில் கை காட்டுவேன். அந்த வலி ஒரு குறிப்பிட்ட தூரம்வரை வாலாட்டாது. அந்த எல்லையைத் தாண்டியதும் வந்து, வந்தபின் போகாது. கால் தரையைத் தொடும் சமயத்தில் முழங்கால் சுமார் 30 பாகை மடங்கியிருக்கும் நிலையில்தான் உரசலும் அழுத்தமும் அதிகம். நடக்கும்போது அந்த மடக்கில் சுமை அவ்வளவாக ஏறுவதில்லை. அதனால்தான் ஓடவே முடியாதவர் சாதாரணமாக நடந்து வீடு வந்து சேர்கிறார். மெதுவாக ஓடினால் வலி கூடுவதையும் பலர் கவனித்திருப்பார்கள், இறக்கத்தில் இன்னும் அதிகம். ஆகவே மெதுவாக ஓடி முடித்துவிடு என்ற அறிவுரை இந்த ஒரு காயத்துக்கு நேர்மாறான பலனைத் தரும். ஓடும் பகுதியை இயல்பான வேகத்தில், காலடி எண்ணிக்கையை 5 சதவீதம் கூட்டி, காலடியின் நீளத்தைச் சற்றே சுருக்கி ஓடிவிட்டு, நடையில் மூச்சு வாங்குவது மேல். நான் 14-ல் நின்றுகொண்டிருந்தவன், இப்படி மூன்று வாரத்தில் 26 வரை போனேன்.

குறை இல்லாமல் இல்லை. நேரம் அதிகம் பிடிக்கும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் ஓட்டத்தைத் தொடங்கும் அந்த முதல் பத்து அடி, அகிலிஸ்காரர்களுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனாலும் லாங் ரன்னின் நான்கு வேலைகளையும் ஓரளவு செய்துகொடுக்கும் மாற்று இது ஒன்றுதான். ஜெல் எடுப்பதையும் நடையிலேயே பழகலாம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற இலக்கை வயிற்றைப் புரட்டாமல் எட்ட, நடை நிமிடம் நல்ல உதவி.

தண்ணீரும் சைக்கிளும்

இடுப்பில் மிதவைப் பட்டை கட்டி, கால் தரையில் படாத ஆழத்தில் ஓடுவது. முதல் நாள் பத்து நிமிடத்திலேயே சலித்துவிடும். சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரே மாதிரி ஓடினால் யாருக்கும் சலிக்கத்தான் செய்யும். மூன்று நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நிதானம் என்று வெட்டிக்கொண்டால் 75 நிமிடம் போவது தெரியாது. முன்னால் சாயாமல், முழங்காலை உயர்த்தி, பாதத்தைப் பின்னால் தள்ளி ஓட வேண்டும். சைக்கிள் மிதிப்பது போலக் கால் சுழன்றால் தவறு. தண்ணீரில் நாடித்துடிப்பு தரையைவிடப் பத்துப் போலக் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நன்கு பயிற்சி பெற்றவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் வரை இதை வைத்தே தெம்பைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். அதிர்வைத் தாங்கும் பழக்கம் மட்டும் இங்கே கிடைக்காது.

சைக்கிளில் ஏறுவது எளிது. ஆனால் இருக்கை அதிக உயரத்தில் இருந்தால் ஐடி பேண்ட் அங்கேயும் முறைக்கும். அகிலிஸ்காரர்கள் பெடலை முன்பாதத்தில் வைக்காமல் நடுப்பாதத்தில் வைத்து மிதித்தால் தசைநாணுக்குச் சுமை குறையும்.

ஒரு இடத்தில் மட்டும் தண்ணீருக்குப் போட்டியே கிடையாது. எலும்பில் ஒரு விரல் நுனியால் சரியாகத் தொட்டுக் காட்டக்கூடிய வலி, இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது, ஒற்றைக் காலில் துள்ளினால் சுரீரென்பது, தொடை இடுக்கில் ஆழமான வலி. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ஓட்டமும் வேண்டாம், நடை கலந்த ஓட்டமும் வேண்டாம். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (தொடர் அதிர்வால் எலும்பில் விழும் நுண்விரிசல்) இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை ஓட்டத்துக்கு விடுப்பு, அவர் அனுமதித்தால் மட்டும் தண்ணீர். தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த விரிசல் முழு முறிவாக மாறினால், அறுவை சிகிச்சை வரை போகும்.

இந்த இடத்தில் ஜோன் பெனாய்ட்டின் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 1984 ஏப்ரலில் முழங்காலில் ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை சிகிச்சை), 17 நாளில் அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் வெற்றி, ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில் 2:24:52-ல் தங்கம். உண்மைதான், சிலிர்க்க வைப்பதுதான். அதற்கு முந்தைய ஆண்டே அவர் பாஸ்டனில் 2:22:43 ஓடி உலகச் சாதனை நேரம் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல ஆண்டு உழைப்பு அந்தக் கால்களில் இருந்தது. முதல் மாரத்தானுக்குத் தயாராகிறவர் அந்த 17 நாளைத் தன் அட்டவணைக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முழு ஓய்வு பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்து நாள் ஓடாவிட்டால் பெரிதாக எதுவும் போய்விடாது, அந்த பயம் தேவையில்லை. ஆனால் தசைநாண் வலி வெறும் ஓய்வில் அடங்கினாலும் ஓட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே பெரும்பாலும் திரும்பி வரும். அதற்குச் சுமை வேண்டும், அளவான சுமை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு லாங் ரன் ஓடுவதை நான் ஒரு மாற்றாகவே எண்ணவில்லை. வலியை மறைப்பது ஒருபுறம், உடலில் நீர் குறைந்திருக்கும்போது இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

எது வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எலும்பு வலி அல்ல என்று உறுதியானவர்களுக்கு பிசியோக்கள் சொல்லும் அளவுகோல் எனக்கு உதவியது. பத்துக்கு ஐந்துவரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. நான் ஞாயிறு ஓட்டத்தின் வேகத்தைக் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு, திங்கள் காலை முதல் பத்து அடியின் வலியை எண்ணாக எழுத ஆரம்பித்தேன். 3, 3, 2 என்று போனால் அடுத்த வாரம் இரண்டு கிலோமீட்டர் கூட்டலாம். 3, 5 என்றால் அடுத்த ஞாயிறு தண்ணீர்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதற்குள் நடை கலந்தாவது 26 கிலோமீட்டர் போய், திங்கள் காலை எண் ஏறாமல் இருந்தால் நான் மாரத்தானுக்கே நிற்பேன், பந்தயத்திலும் முதல் கிலோமீட்டரிலிருந்து நடை நிமிடத்தோடு. இல்லையென்றால் பாதி மாரத்தானுக்கு மாற்றிக்கொள்வேன், அல்லது பெயரை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பேன். கடைசி மூன்று வாரத்தில் விட்டதைப் பிடிக்க ஒரு 32 ஓடுவதால் பந்தய நாளுக்குள் கிடைக்கும் பலன் மிகக் கொஞ்சம். அகிலிஸ் பிடித்திருந்த அந்தப் பருவத்தில் என் எண் 5-ல் நின்றது. பாதி மாரத்தான்தான் ஓடினேன். மறுநாள் காலை எழுதிய எண் 2.