தண்ணீரில் தாழ்ந்தது, ஆனால் கருங்காலி இல்லை: கத்திப் பிடியில் நடக்கும் ஏமாற்று

புறக்கோட்டைக் கடையொன்றில் "அசல் கருங்காலிப் பிடி" என்று 8,500 ரூபாவுக்கு விற்கப்பட்ட குசினிக் கத்தி ஒன்றைப் பற்றியது இந்தப் பதிவு. ஏழாவது கிழமையில் பிடி ஆடத் தொடங்கியது. விற்ற கடையிலேயே திருத்தக் கொடுத்தால், 600 ரூபா வாங்கிக்கொண்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் பிடியின் ஒரு பக்க மரப் பலகை முழுதாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. வெங்காயம் வெட்டும்போது கழன்றதால் தப்பியது. பூசணிக்காயைப் பிளக்கும்போது கழன்றிருந்தால் விரல் போயிருக்கும்.

விற்கும்போது முதலாளி காட்டிய வித்தையை முதலில் சொல்ல வேண்டும். "தம்பி, கருங்காலி எண்டால் தண்ணியில தாழும், பாருங்கோ" என்று கத்தியை அப்படியே ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டார். தாழ்ந்தது. தாழாமல் என்ன செய்யும்? அலகும், பிடிக்குள் போகும் அதன் நீட்சியான வாலுமாக இரும்பு மட்டும் 100 கிராம். அது விலக்கும் தண்ணீர் 13 மில்லிலீற்றர்தான். பிடிப் பலகை இரண்டும் சேர்ந்து விலக்குவது 54 மில்லிலீற்றர். ஆக, 67 மில்லிலீற்றர் தண்ணீரை விலக்கும் ஒரு பொருள் 100 கிராமுக்கு மேல் எடை இருக்கிறது. அந்தப் பிடியை ரெஜிபோமில் செய்திருந்தாலும் கத்தி தாழ்ந்திருக்கும்! தண்ணீர்ச் சோதனை பொய்யில்லை. ஆனால் அதைத் தனி மரத்துண்டில்தான் செய்ய வேண்டும், இரும்போடு சேர்த்துச் செய்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

கழன்ற பலகையை நிறுத்தபோது 17 கிராம். அளவுக் கோப்பையில் அமிழ்த்தியபோது ஏறிய தண்ணீர் 27 மில்லிலீற்றர். அதாவது ஒரு மில்லிலீற்றருக்கு 0.63 கிராம். கருங்காலியின் வைரம், அதாவது கறுத்த நடுமரம், தண்ணீரைவிடக் கனமானது, அதே அளவுத் துண்டு 27 கிராமுக்கு மேல் நிற்க வேண்டும். குறுக்கே அறுத்துப் பார்த்ததும் சந்தேகம் முழுதாகத் தீர்ந்தது: ஓரத்தில் ஒரு மில்லிமீற்றருக்குக் கறுப்பு, உள்ளே வைக்கோல் நிறம், நடுவில் பூஞ்சணம் பிடித்த சாம்பல் கோடுகள். றப்பர் மரம் போன்ற வெளிர் மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். றப்பர் மரத்தில் மாச்சத்து அதிகம் என்பதால், மருந்து ஏற்றாமல் விட்டால் பூஞ்சணமும் உளுவண்டும் விரைவில் வரும். இலங்கையில் கருங்காலியை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. கடைத்தெருவில் தொங்கும் கத்திக்கெல்லாம் அது கிடைக்காது என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

மரத்தைவிட மோசமான ஏமாற்று உள்ளே இருந்தது. பிடியின் முகத்தில் மூன்று பித்தளை ஆணிகள் தெரிந்தன. இரும்பு வால் உள்ளே போயிருந்ததோ ஐந்து சென்ரிமீற்றர்தான். முதல் ஆணி மட்டுமே அதை ஊடுருவியிருந்தது. இரண்டாவது வெறும் மரத்துக்குள். மூன்றாவது ஆணியே இல்லை, மேலே ஒட்டிய ஒரு தொப்பி. பிடியின் முதுகில் வால் ஓட வேண்டிய கோட்டைக் கறுப்புப் பசையால் நிரப்பியிருந்தார்கள். பிடி கறுப்பாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. சாயம் பூசியது மரத்தின் பெயருக்காக மட்டுமல்ல, குட்டை வாலை மறைக்கவும்தான் என்பது அப்போதுதான் பிடிபடுகிறது.

இதைக் கடையிலேயே பிடிக்கலாம். சின்ன, வலுவான காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு போங்கள். அதைப் பிடியின் முதுகு ஓரமாக அலகுப் பக்கத்திலிருந்து அடிவரை இழுங்கள். இழுவை எங்கே விடுகிறதோ அங்கே வால் முடிகிறது. பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பிடியின் அடியில், மரத்தின் வெட்டுமுகத்தில் தேயுங்கள். வார்னிஷ் மெல்லிதாக இருக்கும் இடம் அதுதான். கருமரங்கள் இயல்பாகவே கொஞ்சம் மண்ணிறமாகவோ சிவப்பாகவோ ஒட்டலாம், அது குற்றமில்லை. மையைப் போல நீலம் கலந்த கறுப்பு இறங்கினால் சாயம். கடைக்காரர் பஞ்சு வைக்க விடாவிட்டால் கத்தியை வைத்துவிட்டு வாருங்கள். கடைசியாக, வாலின் இரு ஓரத்திலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இரும்பு மரத்தைவிட மேலே துருத்தினால் மரம் காயாமலே பொருத்தப்பட்டு, பிறகு சுருங்கியிருக்கிறது. நகம் இடுக்கில் இறங்கினால் அதற்குள் மீன் தண்ணீரும் இறங்கும். உள்ளே துரு பிடித்து ஊதி, பலகையைத் தள்ளும்.

கொழும்பில் எந்தப் பிடி நல்லது என்று கேட்டால், ஈரத்தை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். இங்குள்ள காற்றில் நன்றாகக் காய்ந்த மரம்கூட 14, 15 சதவீத ஈரத்தோடுதான் நிற்கும். மழைக்காலத்தில் ஊதும், ஏசி அறையில் சுருங்கும். ஆகவே தினமும் கழுவிப் பாவிக்கும் கத்திக்கு மிக்கார்ட்டா அல்லது பக்காவூட். மிக்கார்ட்டா என்பது துணி அல்லது கடதாசி அடுக்குகளைப் பீனோலிக் பிசினில் அழுத்தி எடுப்பது. ஈரக் கையிலும் வழுக்காது. பக்காவூட் மெல்லிய மரத்தாள்களைப் பிசினோடு அழுத்தியது. "ரோஸ்வூட்" என்று விற்கப்படும் பல பிடிகள் சாயமேற்றிய பக்காவூட்தான். பெயர் பொய், ஆனால் பொருள் நல்லது. அதற்கு மரத்தின் விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். ஜி10 கண்ணாடி நாரும் எப்பொக்சிப் பிசினும் சேர்ந்தது, ஈரத்துக்கு அசையாது. ஆனால் அரத்தால் ராவும்போது தூசு நுரையீரலுக்குக் கூடாது, முகமூடி இல்லாமல் தொடவே வேண்டாம்.

மீன், இறைச்சிக்கு மேற்பரப்பு சொரசொரப்பான பொலிப்புரொப்பிலீன் பிடி போதும். வழவழப்பானது வேண்டாம், மீன் வழும்பு பட்டால் கை முன்னே சறுக்கிவிடும். அடுப்பு ஓரத்தில் வைக்காதீர்கள், 160 பாகை தாண்டினால் உருகும். எருமைக் கொம்பு பார்க்க அழகு. ஆனால் அது நகம், மயிர் போன்ற பொருள்தான். ஈரத்தில் வளையும், அலுமாரியில் வைத்தால் பூச்சி அரிக்கும். மரைக் கொம்பு, யானைத் தந்தம் என்று யாராவது காட்டினால் தள்ளி நில்லுங்கள். போலியென்றால் காசு நட்டம், அசலென்றால் வனவிலங்குச் சட்டம். மரம்தான் வேண்டும் என்றால் முதிரை அல்லது பாலை, நன்றாகக் காய்ந்ததாக.

திருத்த வேலை ஏன் பிழைத்தது? துருவைச் சுரண்டாமல், ஐந்து நிமிடத்தில் இறுகும் பசையை அதன் மேலேயே தடவியிருக்கிறார்கள். பசை துருவைப் பிடித்தது, துரு இரும்பை விட்டுவிட்டது. சரியாகச் செய்வதென்றால், வாலை ஓரிரவு வினாகிரியில் ஊறவிட்டு, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே காய வைக்க வேண்டும். இரும்பையும் பலகையின் உட்புறத்தையும் 80ஆம் நம்பர் சாண்ட்பேப்பரால் கீறி, அசிற்றோனால் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது. 24 மணித்தியாலம் எடுக்கும் எப்பொக்சியைப் பைக்கற்றில் சொன்ன விகிதத்தில் கலந்து பூசி, பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் கிடைக்கும் 5 மில்லிமீற்றர்ப் பித்தளைக் கம்பியை வாலின் துளைகளுக்குள்ளேயே விடவும். கிளாம்பை முறுக்கோ முறுக்கென்று முறுக்கினால் பசை முழுதும் வெளியே பிதுங்கி உள்ளே வறண்டுவிடும், மட்டாக இறுக்கினால் போதும். மரப்பிடிக்குத் தேங்காயெண்ணெய் பூசும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது ஒருபோதும் இறுகாது, பிசுபிசுத்து அழுக்கைத்தான் சேர்க்கும். "Boiled" என்று போத்தலில் எழுதிய லின்சீட் ஒயில் மெல்லிதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம்.

இந்தக் கத்திக்கு ஐந்து சென்ரிமீற்றர் வாலில் புதுப் பிடி போட்டாலும் நிற்காது. காசைத் திருப்பிக் கேட்டபோது கடையில் சொன்ன பதில்: "நாங்க கத்திதான் வித்தம், மரத்துக்குக் கேரண்டி தரேல்லயே." பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் "கத்தி 1" என்று மட்டும் இருக்கிறது. காசு கொடுக்குமுன் பற்றுச்சீட்டில் "கருங்காலிப் பிடி, முழு வால்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வாங்காதீர்கள். எழுதிய சீட்டு கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே பிடி லேசாக ஆடத் தொடங்கிய அன்றைக்கே படமெடுத்து வையுங்கள், திருத்தக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம்.