ஜவ்வரிசிக் கடையில் என்8என்: ஒரு மதிப்பீடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மகாராஷ்டிரத்திற்கு ஜவ்வரிசி அனுப்பும் எங்கள் கடையில் ஆர்டர் பதிவு, இருப்புச் சரிபார்ப்பு, முதலாளியின் ஒப்புதல், பில், இ-வே பில் (சரக்கை வண்டியில் அனுப்ப அரசுத் தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) ஆகிய வேலைகளை, தொடர் வேலைகளைத் தானாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் 'என்8என்' (n8n) மென்பொருள் வழியாக ஓட்டுகிறோம். 2019இல் பெர்லினில் தொடங்கப்பட்ட இதைச் சொந்தக் கணினியில் நிறுவினால், கடையின் உள்வேலைக்கு உரிமக் கட்டணம் கிடையாது. வேலையின் ஒவ்வொரு படியும் திரையில் ஒரு கட்டமாக இருக்கும்; அந்தக் கட்டங்களை இழுத்து இணைக்க, கணினி பழகிய கணக்கர் ஒருவரே போதும்.

மிகுந்த கவனம் கேட்பது, தோல்வியடைந்தால் மீண்டும் முயலும் வசதிதான். பில் பதிவாகி, அதற்கான பதில் திரும்புவதற்குள் இணையம் துண்டித்துவிட்டால், மென்பொருள் அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொண்டு இன்னொரு பில்லைப் போட்டுவிடும். இருப்பு இரண்டு முறை குறைவதோடு, புதிய பில் எண்ணுக்கும் ஓர் இ-வே பில் உருவாகும். இ-வே பில்லை 24 மணி நேரத்திற்குள் மட்டுமே ரத்துசெய்ய முடியும் என்பதால், வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது. ஆகவே, அந்த ஆர்டர் எண்ணுக்கு ஏற்கெனவே பில் உள்ளதா என்று தேடும் கட்டம் ஒன்றை பில்லுக்கு முன்னால் வைத்திருக்கிறோம். மீள்முயற்சியும் அந்தக் கட்டத்திலிருந்தே தொடங்குகிறது.

ஒப்புதல் கேட்டு டெலிகிராமில் செய்தி அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்கும் வசதி அருமையானது. ஆனால் காத்திருப்புக்கு வரம்பு வைக்காவிட்டால் லோடு அப்படியே நிற்கும். முதலாளி ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது சிக்னலை நம்ப முடியாது (அவரும் அதை ஒப்புக்கொள்வார்). இரண்டு மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் கோரிக்கை மேலாளருக்குப் போகும்படி அமைத்திருக்கிறோம்.

சொந்தக் கணினியில் நிறுவும்போது நேர மண்டலம் இயல்பாக நியூயார்க்காக இருக்கும். அதை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றாவிட்டால், காலை 9 மணிக்கு வைத்த இருப்பு அறிக்கை மாலையில்தான் வரும். கணினி அணைந்திருந்தபோது தவறிய வேலையை மென்பொருள் தானாக ஈடுசெய்யாது என்பதால் யூபிஎஸ் அவசியம். கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் குறியாக்கச் சாவியையும் தனியே நகலெடுத்து வைக்க வேண்டும். இவற்றைக் கவனிக்க ஆள் இல்லாத கடைக்கு, சந்தா கட்டிப் பயன்படுத்தும் கிளவுட் பதிப்பையே பரிந்துரைப்பேன்.