போர்ட் இன்ஜெக்ஷனா, டைரக்ட் இன்ஜெக்ஷனா?
இவ்விரண்டும் பெட்ரோல் எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் முறைகள். போர்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் சுமார் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் பின்புறம் தெளிக்கப்படுவதால், அதில் கலந்த பாலிஈதர் அமின் போன்ற அடிட்டிவ் (கரியை நீக்கும் சேர்மம்) வால்வில் படியும் கரியையும் கழுவிச் செல்கிறது. டைரக்ட் இன்ஜெக்ஷனிலோ 200 பார் அளவிலான அழுத்தத்தில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்ந்து, ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றைக் குளிர்விப்பதால், நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே வெடித்து எழும் தட்டல்) குறைந்து, கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டர் கலவையை அழுத்தும் மடங்கைக் கூட்ட இடம் கிடைக்கிறது. இழுவையும் மைலேஜும் உயர்வதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் இம்முறையில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை. டேங்கில் எத்தனை பாட்டில் அடிட்டிவ் ஊற்றினாலும் இன்ஜெக்டர் முனை சுத்தமாகலாமே தவிர, வால்வில் அப்பிய கரி அசையாது. காற்று செல்லும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித்தான் பெரும்பாலும் அகற்றுகிறார்கள். டொயோட்டாவின் டி-4எஸ் எஞ்சின்களில் இரு வகை இன்ஜெக்டர்களும் உண்டு; அதனால் வால்விலும் பெட்ரோல் படும். பராமரிப்புச் செலவுக்கு அஞ்சுபவருக்கு நான் போர்ட் முறையையே சொல்வேன்.