முதல் புத்தகம்: பதிப்பகமா, சொந்தப் பதிப்பா?

ஜனவரி புத்தகக் காட்சிக்குள் முதல் தொகுப்பு வந்துவிட வேண்டும் என்று நினைக்கும் நண்பர்கள், பதிப்பகத்திடம் கொடுப்பதா, சொந்தக் காசில் அச்சிடுவதா என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு
பதிப்பகம்: உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. பணம் கேட்டால் அது பதிப்பகம் அல்ல, அச்சகம்.
சொந்தப் பதிப்பு: தாள், அட்டை, மெய்ப்பு (பிழைதிருத்தம்), அச்சு எல்லாம் உங்கள் தலையில். ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) மட்டும் இந்தியாவில் இலவசம்.

வருமானம்
பதிப்பகம்: பொதுவாக விலையில் 10 சதவீதம்.
சொந்தப் பதிப்பு: கடைக்காரருக்கான கமிஷன் போக மீதி உங்களுக்கு.

விற்பனை
இதுதான் பெரிய விஷயம். பதிப்பகத்துக்குப் புத்தகக் காட்சியில் அரங்கு இருக்கும், ஊர் ஊராகக் கடைத் தொடர்பு இருக்கும். தனி ஆள் ஒரே புத்தகத்துக்காக அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. நான் 300 பிரதி அச்சிட்டு, பையில் சுமந்துகொண்டு கடை கடையாக ஏறினேன். பாதி வீட்டிலேயே தங்கிவிட்டது. சென்னையில் மழைநீர் தேங்கும் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்துகொண்டு மழைக்காலத்தில் புத்தகக் கட்டுகளைக் காப்பது பெரும் பாடு.

கதை, கவிதை என்றால் காத்திருந்தாவது பதிப்பகத்துக்கே கொடுங்கள். வகுப்பு நடத்துபவர், வாங்கப்போகிறவர்களை நேரில் அறிந்தவர் என்றால் சொந்தப் பதிப்பு சரி. அப்புறம், பதிப்பக ஒப்பந்தத்தில் பதிப்புரிமை உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.