செபக் குறிப்பேடு: ஓராண்டுப் பயன்பாட்டின் பின்

திருகோணமலை நகரிலுள்ள ஒரு சிறிய புத்தகக் கடையில் சென்ற திருவருகைக் காலத்தில் (கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரங்களில்) வாங்கிய செபக் குறிப்பேட்டை, ஓராண்டாக நாள்தோறும் பயன்படுத்திய பின்னரே இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கமும் காலையில் வாசிக்க விவிலியத்திலுள்ள ஒரு திருப்பாடற் பகுதியையும், இரவில் எழுத ஐந்து கேள்விகளையும் தருகிறது. அக்கேள்விகள், இயேசு சபையை நிறுவி 1556இல் இறந்த புனித லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனையின் படிகளான நன்றி கூறல், அருள் வேண்டல், கழிந்த பொழுதை ஆராய்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதிகொள்ளல் ஆகியவற்றைப் பின்பற்றுவதே இதன் சிறப்பு. மீன் சந்தையில் விலைக்காக எரிந்து விழுந்ததைக்கூட எழுதவேண்டியதாயிற்று. மறுநாள் அதே வியாபாரியிடம் போகக் கூச்சமாகத்தான் இருந்தது. 176 வசனங்கள் கொண்ட 119ஆம் திருப்பாடலை, எபிரேய எழுத்து வரிசையில் அமைந்த அதன் 22 பகுதிகளாகவே பிரித்து 22 நாள்களுக்கு வழங்கியிருப்பது தொகுத்தவரின் கவனத்தைக் காட்டுகிறது.

தாள்தான் குறை. கடற்காற்றின் ஈரத்தில் மை ஊறிப் பின்பக்கம் தெரிகிறது. மாரியில் அட்டையும் வளைந்துவிட்டது. ஆயினும் அடுத்த ஆண்டுக்கும் இதையே வாங்கி, குமிழ்முனைப் பேனையால் எழுதுவேன்.